வல்லாரைக் குளிகையும் ஐந்து சொற்களும்

பலாலி வீதியில் நான் மருந்து வாங்கும் கடையில், காசு வாங்கும் மேசைக்கு மேலுள்ள தட்டில் இப்போது மூன்று விதமான போத்தல்கள் நிற்கின்றன. மூன்றும் ஞாபகசக்திக்கு. ஒன்றில் "நீரிழிவு உள்ளோருக்கு உகந்தது" என்று மேலதிகமாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. மூன்றிலும் வல்லாரை என்ற பெயரும் ஓர் இலைப்படமும் உண்டு. இரண்டு படங்களில் இருப்பது வல்லாரை. மூன்றாவதில் இருப்பது வல்லாரையே அல்ல, நீர்ப்பிரமி. கடைக்காரத் தம்பியிடம் அதைச் சொன்னேன். அதுவும் மறதிக்குத்தானே ஐயா என்றார். வெளியில் இலையை மாற்றிப் போடுகிறவர்கள் உள்ளே எதைப் போட்டிருப்பார்கள் என்று கேட்டேன். அவர் எனக்குப் பின்னால் நின்றவரின் மருந்துத் துண்டைக் கைநீட்டி வாங்கினார்.

இதை ரஜீவனிடம் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. ரஜீவன் ஆய்வுகூடத்தில் என்னிடம் கண்ணாடி முகவை கழுவப் பழகியவர், இன்றைக்கு விரிவுரையாளர்.

"சேர், உது வேலை செய்யுமோ செய்யாதோ? ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒண்டைச் சொல்லுங்கோ" என்றார்.

சொல்ல முடியாது என்றேன். அப்படியென்றால் ஏன் சொல்ல முடியாது என்பதை எழுதித் தாருங்கள், தங்கள் துறையின் ஆண்டு மலரில் போடலாம் என்றார். ஆயிரம் சொல் போதுமாம். ஆயிரம் சொல்லில் இதை அடக்கலாம் என்று நினைப்பவர் எப்படி விரிவுரையாளரானார் என்று எனக்கு விளங்கவில்லை. எழுதிக் கொடுக்கிறேன். வெட்டுவதென்றால் அவரே வெட்டட்டும்.

நான் கொக்குவிலில் பிறந்து, இரசாயனம் படித்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மூலிகை ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்து, முப்பத்துமூன்று வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். முதல் இருபது வருடத்தை ஒரு பந்தியில் முடிக்கலாம். தராசைத் தூசியில்லாமல் வைத்திருக்கவும், இலையை நிழலில் காயவைக்கவும், எழுத்து விளங்கும்படி சீட்டு எழுதவும் பழகினேன். மின்சாரம் இல்லாத வருடங்களில் மண்ணெண்ணெய் அடுப்பில் சாறு வற்றவைத்தோம். ஒரு தடவை ஆய்வுகூடம் முழுவதையும் இரண்டு லொறியில் ஏற்றி வேறிடத்தில் இறக்கினோம். ஏற்றிய கண்ணாடிப் பாத்திரங்களில் அரைவாசிக்குக் கொஞ்சம் கூடத்தான் முழுசாக இறங்கின. உடைந்தவற்றையும் நான் எண்ணி வைத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை.

மேடம் வந்தது யுத்தம் முடிந்த பிறகு. மருத்துவம் படித்து, வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்து திரும்பி வந்தவர். தன்னுடைய பெயரை எங்கும் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே நாங்கள் அழைத்தபடி மேடம் என்றே எழுதுகிறேன். குரலை உயர்த்த மாட்டார். பென்சிலால்தான் எழுதுவார். யாராவது ஏதாவது ஒன்றை முடிவாகச் சொன்னால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "எப்பிடித் தெரியும்?" என்று கேட்பார். அதில் கோபம் இராது. உண்மையிலேயே அறிய விரும்பித்தான் கேட்பார், அதுதான் தாங்க முடியாதது.

உலர்த்தும் அடுப்பு அறுபது பாகையில் நிற்கிறது என்று ஒருநாள் சொன்னேன். எப்படித் தெரியும் என்றார். முகப்பில் காட்டுகிறது என்றேன். அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு வெப்பமானி கொண்டுவந்து உள்ளே வைத்தார். ஐம்பத்துநான்கு. அன்றைக்குப் பிறகு என் அடுப்புகள் எல்லாவற்றிலும் இரண்டு வெப்பமானி இருந்தது. இன்னொருநாள் அவருடைய தேநீருக்குச் சீனி போடவில்லை என்றேன். எப்படித் தெரியும் என்றார். ருசி பார்த்தேன் என்றேன். அதன்பிறகு தன் தேநீரைத் தானே போட்டுக்கொண்டார்.

நீரிழிவு கிளினிக்கில் சனங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் அவர் அந்த ஆய்வைத் தொடங்கினார். சீனி வருத்தம் வந்து பத்து, பதினைந்து வருடம் ஆனவர்களைக் கூட்டிவரும் பெண்சாதிமார், பிள்ளைகள், காலைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் சொல்லிவிட்டு, எழும்பும்போது மெதுவாகச் சொல்வார்களாம், இப்போது மறதியும் கூடிவிட்டது என்று. வயது போனால் அப்படித்தான் என்று விட்டுவிடுவது வழக்கம். ஆனால் இரத்தத்தில் சீனி நெடுங்காலம் கூடி நின்றால் மூளைக்குப் போகும் நுண்ணிய குழாய்களும் கெடுகின்றன. மூளை தனக்கு வேண்டிய சீனியை எடுத்துப் பயன்படுத்துவதும் பிசகிவிடுகிறது. ஆகவே அந்த மறதியில் ஒரு பங்கு வயதினுடையது, ஒரு பங்கு நீரிழிவினுடையது. இந்த இரண்டாவது பங்கைக் குறைக்க வல்லாரையில் உள்ள சேர்மங்களால் முடியுமா என்பதுதான் கேள்வி. மஞ்சளையும் சிறுகுறிஞ்சாவையும் முதலில் பார்த்தோம். மேடம் கடைசியில் வல்லாரையிலேயே நின்றார்.

வேலை இப்படி. இலையை மூன்று தண்ணீரில் கழுவி, மேல்மாடியில் பாய் விரித்து நிழலில் உலர்த்த வேண்டும். அரைத்து, அரித்து, மதுசாரமும் தண்ணீரும் கலந்த கலவையில் ஊறப்போட வேண்டும். வடித்ததைக் குறைந்த அமுக்கத்தில் வற்றவைத்தால், கடைசியில் கரும்பச்சைத் தார் மாதிரி ஒன்று மிஞ்சும். இடையில் மின்சாரம் நின்றால் அன்றைய வேலை போயிற்று, யாரை நோவது. அந்தத் தாரில் ஒரு துளியை மெல்லிய பூச்சுத் தட்டொன்றின் அடியில் வைத்து, கரைப்பானை மேலே ஏறவிட்டு, அமிலக் கரைசல் தெளித்துச் சூடாக்கினால் ஊதா நிறத்தில் பொட்டுகள் தோன்றும். வல்லாரைக்கு நான்கு பொட்டு. நான்கும் தெரியாத தொகுதியை மேடம் ஏற்கமாட்டார். மூன்றும் ஒரு மங்கலும் தெரிந்த ஒரு தொகுதியை, ஒரு கிழமை வேலையை, என் கையாலேயே ஊற்ற வைத்தார்.

குளிகைகள் இரண்டு வகை. ஒன்றில் வல்லாரைச் சாறு, மற்றதில் வெறும் அரிசிமா. கோது இரண்டுக்கும் ஒரே பச்சை. வாசம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் எல்லாப் போத்தல்களையும் வல்லாரை இலை மூட்டை வைத்த அலுமாரியில் பூட்டி வைத்தேன். நான் நிரப்புவேன், இன்னொருவர் வேறு அறையில் வைத்து இலக்கம் போடுவார். எந்த இலக்கத்தில் எது என்று எனக்கும் தெரியாது, மேடத்துக்கும் தெரியாது, விழுங்குகிறவருக்கும் தெரியாது. அந்த இலக்கப் பட்டியலை ஆய்வு முடிந்த பிறகுதான் திறப்பது. ஆய்வு முடியும்வரை வீட்டில் வல்லாரை தின்னக்கூடாது என்றும் சொல்லி அனுப்பினோம். கிணற்றடியில் தானாக முளைக்கிறதை என்ன செய்வது என்று கேட்டார்கள். பிடுங்குங்கள் என்றேன். மருந்துக்கு என்று வந்தவர்களை மருந்தைப் பிடுங்கச் சொல்கிறார் என்று வலிகாமம் முழுக்கக் கதை போயிருக்கும்.

மறதியை அளக்க ஒரு பரீட்சை வேண்டும். வெளிநாட்டுப் பரீட்சையில் இருந்த சொற்களை எங்கள் ஆட்கள் சுகமாக இருந்தாலும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள் என்று மேடம் சொன்னார். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பின்னேரம் இருந்து ஐந்து சொற்களைத் தேர்ந்தோம். கடகம், வேம்பு, தண்டவாளம், பூட்டு, மோர். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இவற்றை ஒருமுறை சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து, பிறகு மணிக்கூடு வரையவும் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவும் விட்டுவிட்டு, பத்து நிமிடத்தின் பின் அந்த ஐந்தையும் கேட்க வேண்டும். மேடம் கேட்பார், பக்கத்தில் இருந்து குறிப்பது நான். மாதத்துக்கு ஒருமுறை.

புத்தூரிலிருந்து வந்த நமசிவாயம் எங்கள் பதினேழாவது ஆள். வெங்காயம், புகையிலை செய்த மனிதர். பெரிய கை, நகக்கண்ணில் செம்மண். அவரைக் கூட்டிவந்தவர் மனைவி பரமேஸ்வரி, ஓய்வுபெற்ற ஆசிரியை. நாங்கள் ரீச்சர் என்றோம். முதல்நாள் பத்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நமசிவாயம் முகட்டைப் பார்த்தார்.

"மோர்" என்றார். "மிச்சம் நாலும் இவவைக் கேளுங்கோ தம்பி. படிச்ச மனுசி. நான் எஸ்.எஸ்.சி.யிலை கோட்டை விட்டனான்."

"அதை ஏன் இஞ்சை கதைக்கிறியள்?" என்றார் ரீச்சர்.

"நாப்பது வரியமா உன்ரை அண்ணைமார் கதைச்சவை. நான் ஒருக்காக் கதைச்சால் என்ன?"

அவர் வெளியே போன பிறகு ரீச்சர் நடந்ததைச் சொன்னார். அவர்களுடைய தோட்டக் கிணறு மூன்று பேருக்குப் பங்கு. இன்ன நாளில் இன்னாருக்கு இறைப்பு என்று முறை இருக்கிறது. நமசிவாயம் அடுத்தவருடைய முறையில் போய் இறைப்பு மெசினைப் போட்டுவிட்டார். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. மூன்றாவது தடவை சண்டையாகி, இனி அந்த மனிதரைக் கிணற்றடிக்கு விடாதேங்கோ ரீச்சர் என்று பங்காளி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டாராம்.

"தோட்டத்துக்குப் போகாட்டில் இவர் இருக்க மாட்டார் டொக்டர். இந்த மருந்துதான் இனி வழி" என்றார். மருந்தா வெறும் மாவா என்பது யாருக்கும் தெரியாது என்று மேடம் விளக்கினார். ரீச்சர் தலையாட்டினார். படித்தவர், விளங்கியிருக்கும் என்று நினைத்தோம். விளங்கித்தான் இருந்தது. ஆனால் அவருக்குள் வேறொரு பயம் இருந்தது.

இரண்டாம் மாதம் நமசிவாயம் மூன்று சொல் சொன்னார். மூன்றாம் மாதம் நான்கு. நான்காம் மாதம் ஐந்து. அவர் மட்டுமல்ல, வந்தவர்களில் கனபேர் ஏறிக்கொண்டே போனார்கள். எனக்குச் சந்தோசம். அந்த அடுப்பும் அந்த மின்வெட்டும் வீண்போகவில்லை என்று நினைத்தேன். வல்லாரை வேலை செய்கிறது மேடம் என்று சொல்லியும் விட்டேன். பென்சில் கீழே போயிற்று.

"எப்பிடித் தெரியும்? பாதிப் பேர் அரிசிமா தின்னுகினம். அவையும் ஏன் ஏறுகினம்?"

அடுத்த மாதம் அவர் செய்தது சின்ன விஷயம். அதே ஐந்து சொற்களைத் தலைகீழாக வாசித்தார். மோர், பூட்டு, தண்டவாளம், வேம்பு, கடகம். பத்து நிமிடம் கழித்து நமசிவாயம் "கடகம், வேம்பு, தண்டவாளம், பூட்டு, மோர்" என்றார். அடுத்தவரும் கடகத்தில்தான் தொடங்கினார். அதற்கடுத்தவரும் அப்படியே. கேட்ட ஒழுங்கில் ஒருவருமே சொல்லவில்லை. மேடம் எழுந்து, வெளியில் ஆட்கள் காத்திருக்கும் தகரக் கொட்டகைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

நீள வாங்கில் எட்டுப் பேர் இருந்தார்கள். முன்னால் ரீச்சர் நின்றார். கையில் குடை. குடையால் தாளம் போட, எட்டுப் பேரும் வாய்ப்பாடு சொல்வது மாதிரி அந்த ஐந்தையும் இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட வந்தவர்களில் ஒருத்தி கொப்பியில் மணிக்கூடு வரைந்து பழக்கிக்கொண்டிருந்தாள். நூறு, தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு என்று கழித்தலும் அதில் எழுதியிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு பரீட்சை இருந்தால் அதற்கு ஒரு ரியூசன் வகுப்பும் இருக்கும் என்பது ஆய்வைத் திட்டமிட்ட எங்கள் யாருடைய மூளையிலும் வரவில்லை. நாங்கள் எல்லாரும் ரியூசனால் படித்து வந்தவர்கள்.

ரீச்சர் எங்களைக் கண்டதும் குடையைத் தாழ்த்தினார். நடந்ததை மறைக்கவில்லை. முதல்நாளே சொற்களைக் கேட்டு மனதில் வைத்துக்கொண்டாராம். வீட்டில் தினமும் விளக்கு வைத்த பிறகு நமசிவாயத்துக்கு ஒரு மணித்தியாலம் பாடம். மற்றவர்களுடைய பெண்சாதிமார் கேட்டபோது இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

"ஏன் ரீச்சர்?" என்று மேடம் கேட்டார்.

"பெயில் விட்டால் பெயரை வெட்டிப்போட்டு மருந்தை நிப்பாட்டுவியள் தானே?"

மறந்தால் நிறுத்தமாட்டோம் என்று எங்கள் விளக்கத் தாளில் எங்கும் இல்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"ஒருத்தரையும் வெட்டமாட்டம். மறக்கிற ஆக்கள்தான் எங்களுக்கு வேணும் ரீச்சர். மறந்தால் மறந்தபடி வரவேணும்."

"உப்பிடி ஒரு பள்ளிக்கூடத்தை நான் காணேல்லை" என்றார் ரீச்சர்.

வாங்கிலிருந்த நமசிவாயம் மட்டும் சிரித்தார். "எனக்குத் தோதான பள்ளிக்கூடம்" என்றார்.

அன்றே புதிய சொற்கள் போட்டோம். வாசித்ததும் தாளை மேடம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து நமசிவாயத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்றவர்களும் பெரும்பாலும் பழைய இடத்துக்கே இறங்கினார்கள். ஐந்து மாதப் புள்ளிகள் ஒன்றுக்கும் உதவாமல் போயின. மிச்ச மாதங்களை வைத்து ஒரு முடிவும் சொல்ல முடியவில்லை. கூடியதென்றும் இல்லை, கூடவில்லையென்றும் இல்லை. அந்த ஐந்து மாதத்தை எழுதாமல் விட்டுச் சின்ன ஆய்வாகக் காட்டலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். மேடம் தகரக் கொட்டகை, குடை, தாளம் எல்லாவற்றையும் எழுதினார். ரஜீவன் கேட்ட கேள்விக்கு ஓம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லாதது இதனால்தான். போத்தல்காரருக்குச் சொல்ல முடிகிறதென்றால், அவர்கள் யாரைக் கேட்டுச் சொல்கிறார்களோ தெரியாது.

குளிகை முடிந்த மாதம் ரீச்சரும் நமசிவாயமும் வந்தார்கள். நமசிவாயம் வெளியில் வேலியோரம் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். ரீச்சர் உள்ளே வந்து, எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் இவருக்கு மட்டும் குளிகையைத் தொடர்ந்து தர வேண்டும் என்று கேட்டார். இப்போது முறைநாட்களில் தானும் கிணற்றடிக்குப் போவதாகவும், பங்காளி சமாதானமாகி விட்டதாகவும், இவர் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிவிடுவதைப் பழையபடி செய்வதாகவும் சொன்னார். இந்த நேரத்தில் மருந்தை நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்றார்.

இலக்கப் பட்டியலை அந்தக் கிழமைதான் திறந்திருந்தோம். மேடம் பதினேழைப் பார்த்தார்.

"ரீச்சர், இவருக்குக் கிடைச்சது அரிசிமா."

"அதெப்பிடித் தெரியும் உங்களுக்கு? போத்தில் மாறியிருக்காதோ?"

மேடத்தின் முகத்தில் ஒரு சந்தோசம் வந்ததை நான் கண்டேன். அத்தனை வருடத்தில் அவரிடம் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்ட முதல் ஆள் இவர்தான். பதினேழின் மிச்சக் குளிகைகள் என்னிடம் இருந்தன, பன்னிரண்டு. ஒன்றைப் பிரித்து, பக்கத்தில் உண்மையான சாறும் வைத்து, தட்டில் கரைப்பானை ஏறவிட்டேன். ரீச்சர் கதிரையைக் கிட்ட இழுத்து, முழுவதும் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். தெளித்துச் சூடாக்கியதும் ஒரு பக்கத்தில் ஊதாப் பொட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. நான்கு. மற்றப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. இன்னும் கொஞ்சம் சூடாக்கச் சொன்னார். சூடாக்கினேன். வெள்ளைதான்.

"அப்ப இவரின்ரை தலைக்குள்ளை உது ஒண்டும் போகேல்லை" என்றார்.

"இல்லை. மெய்யான குளிகை கொஞ்சம் மிச்சம் கிடக்கு, விரும்பினால் தாறன். ஆனால் அது வேலை செய்யும் எண்டு நான் சொல்லமாட்டன்."

"அந்த அஞ்சு சொல்லும்?"

"அது நீங்கள் சொல்லிக் குடுத்து அவர் பாடமாக்கினது."

ரீச்சர் வாசலுக்குப் போனார். "இஞ்சாருங்கோ, ஒருக்கா உள்ளை வாங்கோ" என்றார். நமசிவாயம் வந்தார். என்னைப் பார்த்து, தம்பி ஆர் என்று கேட்டார். மாதாமாதம் அவருக்கு எதிரே இருந்து குறித்தவன் நான்.

"அந்த அஞ்சையும் டொக்டருக்குச் சொல்லுங்கோ."

அவர் முகட்டைப் பார்க்கவில்லை. ரீச்சரைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளத்திலேயே, கடகம், வேம்பு, தண்டவாளம், பூட்டு, மோர் என்று ஒன்றும் விடாமல் இழுத்துச் சொன்னார்.

"குளிகை வேண்டாம் டொக்டர்" என்றார் ரீச்சர். "மனுசன் மருந்தில்லாமல் பாஸ் பண்ணியிருக்குது."

"சோதினை முடிஞ்சுதோ?" என்று நமசிவாயம் கேட்டார்.

"முடிஞ்சுது."

"எத்தினை?"

"அஞ்சுக்கு அஞ்சு. அண்ணைமாருக்கும் சொல்லுறன்."

அந்தச் சொற்கள் மாதக்கணக்காகப் பாடமாக்கப்பட்டவை, செல்லாதவை என்று நாங்களே எழுதிக் கையொப்பமிட்டிருந்தோம். மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். நான் காத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.